சுவருக்கு முன்பே வந்த கேட்

அந்த கேட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு விளங்காது. வெறும் மணல் வெளி. நடுவில் இரண்டு சிமெண்டுத் தூண். தூண்களுக்கு நடுவே பங்களா வாசலில் போடுகிற மாதிரி பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு கேட். அதில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பூட்டு. ஆடு, மாடு, நாய் எல்லாம் தூணை ஒட்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். மனிதர்கள் மட்டும் பூட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டினால் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். அடையாறு ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்தால் சின்னச் சின்னப் பஞ்சாயத்துகள் இருந்தன. எங்களுடையது அவற்றிலும் சின்னது. நாலைந்து தெரு, ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு மூலையில் பஞ்சாயத்து ஆபீஸ். நான் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்தேன். எட்டாவது வரைதான் படிப்பு என்றாலும் கடைக்கு வந்து போகிறவர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டதால் பஞ்சாயத்து மெம்பரும் ஆகிவிட்டேன்.

எங்கள் ஊருக்கு வடக்கே புதிதாக மனை பிரித்து ஒரு நகரியம் உண்டாக்கியிருந்தார்கள். ஆபீசர்களும் ரிட்டையர் ஆனவர்களும் வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். நகரியத்துக்குத் தேர்தல் கிடையாது. சர்க்கார் நியமித்த அதிகாரி ஒருவர்தான் எல்லாம். பஸ் ஸ்டாண்டு நகரியத்துக்குள் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து அங்கே போக ஒரே ஒரு வண்டித்தடம். அது எந்தக் காலத்திலிருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

எங்கள் ஊர் எருமை ஒன்று அந்தத் தடத்தின் வழியாகப் போய், நகரியத்தில் ஒரு ரிட்டையர்டு என்ஜினீயர் வளர்த்த ரோஜாச் செடியைத் தின்றுவிட்டது. அவர் மனு கொடுத்தார். சுவரும் வேண்டும், கேட்டும் வேண்டும் என்று நகரிய அதிகாரி மேலே எழுதினார். சுவர் ஒரு பிரிவுக்குப் போயிற்று, கேட் வேறு பிரிவுக்குப் போயிற்று. கேட் பிரிவில் இருந்தவர்கள் சுறுசுறுப்பானவர்கள். கேட் வந்துவிட்டது. சுவர் வந்துகொண்டிருந்தது.

உங்கள் அம்மாவுக்கு அப்போது மயிலாப்பூர் குளத்துப் பக்கம் பால் டெப்போவில் வேலை, காலையில் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை. விடிவதற்கு முன் வேன் வந்து பாட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகும். அதற்குள் டெப்போ திறந்திருக்க வேண்டும். பால் கார்டு வைத்திருப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் சரியாக இருக்கும். அந்த வேலையில்தான் நம் வீட்டுச் சோறு வெந்தது. சைக்கிள் கடையில் பாதிப் பேர் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்.

கேட் வந்த பிறகும் அவள் பழையபடி இருட்டில் எழுந்து, தூணை ஒட்டி நடந்து, பஸ் ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தாள். நகரியத்து வாட்ச்மேன் ராயபுரத்து ஆள். அந்த நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி நன்றாகத் தூங்குவான். ஒருநாள் அவனுக்குப் பல்வலி. அவன் தூங்கவில்லை.

"இந்தாம்மா, கேட்டு மூடிக்கீது. கண்ணு தெர்ல?" என்றானாம்.

"கேட்டுதானே மூடியிருக்கு. பக்கத்துல தெறந்துதானே கெடக்கு."

"பக்கத்துல சொவுரு கீது."

"எங்க?"

"வரப்போவுது. ஆர்டர் ஆயிட்ச்சு. வந்துட்ச்சின்னு வச்சுக்கோ."

வராத சுவருக்கு முன்னால் ஆறு மணி வரை நின்றுவிட்டு அம்மா டெப்போவுக்குப் போனபோது, வேன்காரன் பெட்டிகளைத் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போயிருந்தான். வரிசையில் நின்றவர்களே பாட்டில்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் வந்தார். இனிமேல் இப்படி நடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பல்வலி வாட்ச்மேனுக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் இன்னொரு தடவையும் அப்படி ஆயிற்று. வேலை நூலிழையில் தொங்கியது.

நான் பஞ்சாயத்தில் எடுத்துச் சொன்னேன். எங்கள் பிரசிடெண்டு விறகு விற்கும் தொட்டி வைத்திருந்தவர். யாரைப் பார்த்தாலும் நைனா என்பார், கலெக்டரைக்கூட. நகரியத்து அதிகாரியைப் போய்ப் பார்த்துப் பேசினார். சுவர் இருப்பதாகக் கருதித்தான் உத்தரவு போடப்பட்டிருக்கிறது, சுவர் இல்லை என்பதற்காக உத்தரவை மாற்ற முடியாது என்று அவர் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பிரசிடெண்டு கூட்டம் போட்டார். கோர்ட்டுக்குப் போவோம் என்றார். மளிகைக்கடை மெம்பருக்குச் சம்மதம் இல்லை.

"ஒரு பொம்பள பாலு விக்கப் போறதுக்கு ஊரே கோர்ட்டு ஏறணுமா?"

"நைனா, இன்னிக்கு அவங்கள நிறுத்தினான். நாளிக்கு நீ எழவு வூட்டுக்குப் போவ சொல்ல ஒன்ன நிறுத்துவான். அப்போ நான் கோர்ட்டுக்குக் கெளம்புனா, ஒரு ஆளுக்காவா போறன்னு பக்கத்துல கீறவரு கேப்பாரு. அப்புறம் பஞ்சாயத்துன்னு ஒண்ணு இன்னாத்துக்கு? தெருவெளக்கு மாட்டறதுக்கா?"

"தெருவெளக்கும் மாட்டலியே" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒரு சின்னப் பஞ்சாயத்து பெரிய கோர்ட்டில் ஏறி, எங்கள் ஜனங்கள் ரோட்டில் நடப்பதை நிறுத்த நீ யார் என்று கேட்கப்போகிறது என்பதை நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்குக் கடைக்குத் திரும்பிப் போய் ஒரே ட்யூபுக்கு இரண்டு இடத்தில் தவறாக ஒட்டுப் போட்டேன்.

வக்கீல் மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய சந்தில் இருந்தார். நானும் பிரசிடெண்டும் ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். வக்கீல் பனியனோடு ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டார்.

"கேட்டுக்கு ரெண்டு பக்கமும் என்ன இருக்கு?"

"மணலு சார்" என்றார் பிரசிடெண்டு.

"அதுக்கப்புறம்?"

"அப்புறமும் மணலுதான்."

வக்கீல் ஊஞ்சலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும்வரை சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"சிரிக்கப்படாது. பொது ரோட்டுல நடக்கறது அடிப்படை உரிமையாக்கும். அதுக்கு ஒருத்தன்கிட்டக்க அனுமதி கேட்டுண்டு நிக்கணுமா? உங்க பஞ்சாயத்து சின்னதா இருக்கலாம். அதுவும் சட்டம் உண்டாக்கின ஸ்தாபனந்தான். அவா ஒரு ஸ்தாபனம்னா நீங்களும் ஒரு ஸ்தாபனம். தைரியமா போடலாம்."

கேஸ் போட்டார்கள். முதல் நாளே கோர்ட்டில் ஓர் உத்தரவு ஆயிற்று. விசாரணை முடிகிறவரை கேட் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும், திறக்கிற நேரத்தை யாரும் மாற்ற வேண்டாம் என்று. அதற்குப் பிறகு வக்கீல் எங்களுக்கு இரண்டு புத்திமதி சொன்னார். எங்கள் ஊர் தலைகீழானது அந்த இரண்டு புத்திமதியால்தான்.

"விடியறதுக்கு முன்னாடி அந்த வழியா யாருமே போறதில்லேன்னு அவா சொல்லிடுவா. அதனால தினம் இருட்டோட ஒருத்தராவது போய், திறன்னு கேக்கணும். அவன் மறுக்கணும். அப்பதான் உரிமைய விட்டுக்கொடுக்கலேன்னு ஆகும்."

"மறுக்கலன்னா சார்?" என்று நான் கேட்டேன்.

"மறுக்கலேன்னா கேஸே இல்லையே."

இரண்டாவது புத்திமதி, யாரும் சுற்று வழியில் போகக்கூடாது. ஆற்றங்கரையோரமாகச் சுற்றினால் அடையாறு பாலத்துக்கு ஒரு வழி இருந்தது. அதில் போனால் மாற்று வழி இருக்கிறதே என்று எதிர்க்கட்சி சொல்லிவிடுமாம்.

பிரசிடெண்டு தண்டோரா போட்டுவிட்டார். தினம் ஒரு வீடு, தெரு வரிசைப்படி. அந்த வீட்டிலிருந்து ஒருவர் விடியுமுன் போய் கேட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும், இல்லை என்று பதில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். எங்கள் ஜனங்கள் வரி கட்டச் சொன்னால் வரமாட்டார்கள், கிராமசபைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். ஆனால் போய் மறுக்கப்பட்டுவிட்டு வா என்றால் ஒரு வீடு தவறவில்லை. அந்த வழியாகப் பஸ்ஸுக்கே போகாதவர்கள், பஸ்ஸே ஏறாதவர்கள் எல்லாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முழங்கால் வலிக்காரரான தையற்காரர் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார். வண்டியில் உட்கார்ந்தபடி கேட்டால் கேட்டதாக ஆகுமா என்று எனக்குச் சந்தேகம். சைக்கிளை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போய் வக்கீலைக் கேட்டேன். இறங்கிக் கேட்பது உத்தமம் என்றார்.

ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தத்தன்றே முறை வந்துவிட்டது. தேதி மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தோம். அவர்கள் கேட்கவில்லை. மாப்பிள்ளையே மாலையோடு வந்தான், முன்னால் நாதஸ்வரம். வாட்ச்மேன் எழுந்து நின்று, திறக்க முடியாது என்று பணிவாகச் சொன்னான். அவனுக்கு வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அவன்தான் பாவம், இளைத்துப்போனான். என் கடைக்கு வந்து புலம்புவான்.

"தெனம் எளுப்பி உட்டு தெறன்றானுங்க. மாட்டேன்றன். சரி நைனா, ரொம்ப டாங்க்ஸுன்னு சொல்லிக்கினு பூட்றானுங்க. இன்னா கேஸுபா இது? ஒருத்தனாச்சும் சண்ட போட்டா எனுக்கும் ஒரு மருவாதியா இருக்கும்."

ஒருநாள் மழை. மீன் விற்கும் கிழவர் ஒருவருடைய முறை. நனைந்துகொண்டு நிற்கிறாரே என்று மனம் இளகி வாட்ச்மேன் பூட்டைத் திறந்துவிட்டான். கிழவர் பதறிப்போய் நாலடி பின்னால் ஓடிவிட்டாராம்.

"மூடு நைனா, மூடு. கேஸ் பூடும்."

"நீதான தெறன்ன?"

"நான் அப்பிடித்தான் சொல்லுவேன். நீ தெறக்கலாமா?"

இருவருமாகச் சேர்ந்து கேட்டைத் தள்ளி மூடினார்கள். பூட்டின பிறகு கிழவர் முதலிலிருந்து ஒருமுறை கேட்டார். அவன் முதலிலிருந்து ஒருமுறை மறுத்தான். அப்புறம்தான் அவர் வீட்டுக்கு வந்தார்.

இதையெல்லாம் ஊர் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நம் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கேஸுக்கு முன்னால் வாட்ச்மேன் தூங்குகிற நேரம்தான் அம்மா கேட்டைத் தாண்டிப் போகிற நேரம். இப்போது உரிமையைக் காப்பாற்றப் போகிறவர்கள் அந்த நேரம் பார்த்து அவனை எழுப்பிவிட்டார்கள். பல்வலி போன பிறகும் அவன் தூங்கவில்லை. அம்மாவுக்கு இருந்த ஒரே சந்தும் அடைபட்டுப்போயிற்று.

"கடையில பத்து சைக்கிள் நிக்குது. ஆத்தோரமா சுத்திக் கொண்டுபோய் பாலத்தாண்ட எறக்கி வுடுங்களேன்" என்றாள்.

நான் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப கேஸு ஜெயிக்கணும்னா நான் லேட்டாப் போவணும். வேலை போவணும்னாலும் நான் லேட்டாப் போவணும். ரெண்டுக்கும் ஒரே வழியத்தான் காட்டறாரு ஒங்க வக்கீலு."

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். லஸ் பக்கம் லைன் வீட்டில் அவளுடைய அக்கா இருந்தாள். சாயந்திரப் பால் முறைக்குப் போய், அது முடிந்ததும் அங்கே படுத்துக்கொண்டு, விடியற்காலையில் டெப்போவுக்கு நடந்து போவது. டெப்போ வேலை முடிந்து பத்து மணிக்கு நம் வீடு. மறுபடி சாயந்திரப் பாலுக்குக் கிளம்பிவிடுவது. இதற்கும் நான் வக்கீலிடம் போனேன். அக்கா வீட்டில் தங்குவது மாற்று வழி ஆகிவிடுமோ என்று பயம்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். "அது வழி இல்லை, கஷ்டம். கஷ்டம்னா நமக்கு நல்லதுதான். குழந்தைகளை விட்டுட்டு அக்கா ஆத்துல படுத்துண்டிருக்கான்னு அஃபிடவிட்டுல ஒரு பாரா சேத்துடலாம்."

அப்படியாக உங்கள் அம்மா ராத்திரியில் வீட்டில் இல்லாதது கேஸில் ஒரு பாரா ஆயிற்று. உங்களில் பெரியவளுக்கு அது ஞாபகம் இருக்கலாம். நான் வடித்த சோற்றில் கஞ்சி நிற்கும், நான் வைத்த குழம்பு பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். சின்னவன் ராத்திரியில் எழுந்து அம்மா எங்கே என்று கேட்பான். கோர்ட்டில் கேஸ் இருக்கிறது என்று நான் சொல்வேன். அவனுக்கு அப்போது பேச்சே சரியாக வராது. ஆனால் கோர்ட் என்ற வார்த்தை வந்துவிட்டது. யாராவது வீட்டில் இல்லை என்றால் கோர்ட் என்பான். நாய் காணாமல் போனபோதும் கோர்ட் என்றான்.

விசாரணை தள்ளிக்கொண்டே போயிற்று. கோடை விடுமுறைக்காகக் கோர்ட்டை மூடினார்கள். அந்தச் சமயம் பார்த்து ஓர் அரசாணை வந்தது. எங்கள் பஞ்சாயத்தை முதல் தேதியிலிருந்து நகரியத்தோடு சேர்த்துவிட்டார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரசிடெண்டுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசிக் கூட்டம் போட்டார். இந்தப் பஞ்சாயத்து இல்லாமல் போவதற்கு இந்தப் பஞ்சாயத்து சம்மதிக்கவில்லை என்று தீர்மானம் போட்டோம். மளிகைக்கடைக்காரர்தான் முன்மொழிந்தார். அதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு ஓடினோம்.

"கோர்ட்டு திறக்கறதுக்குள்ள முதல் தேதி போயிடும். அப்புறம் யாரு வாதி?" என்றார் வக்கீல்.

"நாங்கதான் சார்" என்றார் பிரசிடெண்டு.

"நீங்கதான் இருக்கமாட்டேளே."

பிரசிடெண்டு வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "சாவறவன் சாவ மாட்டேன்னு ஒரு மனு குடுக்கறதுக்குக்கூட லீவு வுட்டானுங்க பார்த்தியா நைனா" என்றார்.

முதல் தேதியன்று நகரிய அதிகாரி பொறுப்பேற்க வந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எந்தப் பொருளையும் நேராக வைத்துவிட்டுத்தான் பேசுவார். மேஜை, நாற்காலி, தண்டோரா மேளம், பள்ளிக்கூடச் சாவி எல்லாவற்றையும் பிரசிடெண்டு ஒப்படைத்தார். கடைசியில் கேஸ் கட்டையும் எடுத்து வைத்தார்.

"இது என்ன?"

"கேஸு சார்."

"யார் மேல?"

"உங்க மேல."

"போட்டது யாரு?"

"நாங்க சார். காலைல வரைக்கும் நாங்க. இப்போ நீங்க."

அதிகாரி கட்டை நேராக வைத்தார். பிறகு இன்னும் நேராக வைத்தார். பஞ்சாயத்தின் உரிமைகளும் பொறுப்புகளும் நடவடிக்கைகளும் நகரியத்தைச் சேரும் என்று அரசாணையில் எழுதியிருந்தது. அவர் அதை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு கேஸையும் வாங்கிக்கொண்டார்.

கோர்ட் திறந்த பிறகு கேஸ் கூப்பிட்டார்கள். நானும் பிரசிடெண்டும் பாரிமுனைக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் வக்கீலும் எதிர்க்கட்சி வக்கீலும் மயிலாப்பூரில் ஒரே சந்து. ஒரே டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். இருவரும் தனித்தனியாக அதிகாரியிடம் போய், என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அதிகாரி எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. வக்கீல் குமாஸ்தா என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொன்னபடிதான் நான் சொல்கிறேன்.

கேட்டைத் திறக்கச் சொல்கிறவர் யார் என்று நீதிபதி கேட்டார். அதிகாரி கையைத் தூக்கினார். திறக்க முடியாது என்கிறவர் யார் என்றார். அதிகாரி தூக்கின கையை இறக்கவில்லை.

வாதி என்ற முறையில் கேஸை நடத்தும் கடமை தனக்கு இருக்கிறது, பிரதிவாதி என்ற முறையில் அதை எதிர்க்கும் கடமையும் இருக்கிறது, இரண்டில் எதை விட்டாலும் தன் மேல் நடவடிக்கை வரும் என்று அவர் விளக்கினார். பிரதிவாதியின் வக்கீல் வாய்தா கேட்டார். வாதியின் வக்கீல் ஆட்சேபித்தார். ஆட்சேபிக்கச் சொன்னது யார் என்று நீதிபதி கேட்டதற்கு அதிகாரி மறுபடி கையைத் தூக்கினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெளியே போய் உங்களுக்குள் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார்.

அதிகாரி வராந்தாவுக்கு வந்து தூணோரம் நின்றார். அவர் உண்மையிலேயே கலந்து பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க யாரு?" என்றார்.

"பஞ்சாயத்து மெம்பர் சார். போன மாசம் வரைக்கும்."

"நல்லதாப் போச்சு. உங்க தரப்பு நிலை என்ன? சமரசத்துக்கு இடம் இருக்கா?"

"சார், என் சம்சாரம் ராத்திரி மயிலாப்பூர்ல தூங்குது. வேலையும் போவக்கூடாது, அது வீட்டுலயும் தூங்கணும். அவ்வளவுதான் எங்க நிலை."

"அதுக்கும் கேட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"அஃபிடவிட்டுல ஒரு பாரா இருக்குது சார்."

அவர் கட்டைப் பிரித்து அந்தப் பாராவைப் படித்தார். எதிர்க்கட்சியாக அதை அவர் முன்பே மறுத்திருந்தார். வாதியாக இப்போதுதான் படித்தார் போலிருக்கிறது. மெதுவாகப் படித்தார்.

"குழந்தைங்க யாரோட இருக்கு?"

"என்னோட சார்."

"சமையல்?"

"நான்தான்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது என்று நீதிபதியிடம் சொன்னார். பிரதிவாதி கேட்டுக்கொண்டபடி கேட் ஆறு மணி வரை பூட்டியிருக்கும். வாதி கேட்டுக்கொண்டபடி ரோடு எந்நேரமும் திறந்திருக்கும். கேட் பூட்டியிருக்கும்போது யார் வேண்டுமானாலும் கேட்டுக்குப் பக்கத்தில் போகலாம். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். மணல் என்று இரண்டு வக்கீல்களும் ஒரே குரலில் சொன்னார்கள். பதிவு செய்துகொள்ளப்பட்டது. வக்கீல்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் பிரசிடெண்டு என் தோளைத் தொட்டார்.

"நாம்ப ஜெயிச்சமா நைனா?"

"ஜெயிச்சுட்டோம்."

"யாரு நாம்ப?"

பிள்ளைகளே, அந்த நகரியம் பிற்பாடு நல்ல ரோடு போட்டது, விளக்குப் போட்டது. எங்கள் பஞ்சாயத்து ஒரு விளக்குகூட மாட்டியதில்லை. ஆனாலும் ஒரு பெண்ணை கேட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றதும், கோபித்துக்கொள்வதற்கென்று பத்துப் பேர் ஓரிடத்தில் கூடுவார்கள். அவர்களில் விறகுத் தொட்டிக்காரரும் இருப்பார், மளிகைக்கடைக்காரரும் இருப்பார். அது எங்களுக்கு இருந்தது. அப்புறம் கோபம் வந்தால் அவரவர் வீட்டில் கோபித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரசிடெண்டை அதே பஸ்ஸில் ஊருக்கு அனுப்பிவிட்டு நான் மயிலாப்பூரில் இறங்கினேன். டெப்போவில் சாயந்திரப் பால் முடிந்து அம்மா காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தீர்ப்பைச் சொன்னேன்.

"அப்ப முன்ன மாதிரியே தூணோரமா போலாம்?"

"ஆமா. ஆனா இப்ப உரிமையோட போறே."

"முன்ன எப்படிப் போனேனாம்?" என்றாள். அக்கா வீட்டுக்குப் போய்த் துணிமணிகளை எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள்.

மறுநாள் இருட்டோடு நானும் அவளோடு கேட் வரை போனேன். வாட்ச்மேன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். புது உத்தரவை யாரோ அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

"இரும்மா. பக்கத்துல போலாம்னு ஆர்டர் போட்டுக்கீது. எந்தப் பக்கம்னு போடல. சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

"பஸ்ஸு கெளம்பிடும்பா" என்று சொல்லிக்கொண்டே அம்மா போய்விட்டாள். எந்தப் பக்கம் போனாள் என்று எனக்கே கவனமில்லை. கண்டக்டர் விசில் கேட்டது. பஸ் அடையாறு பக்கமாகப் போகிற சத்தம் ஓயும்வரை நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

"நீதான் மெம்பராச்சே. பஞ்சாயத்துல எந்தப் பக்கம்னு கேட்டு சொல்லேன்" என்றான் வாட்ச்மேன்.

"பஞ்சாயத்து இல்லப்பா இப்போ."

"அப்போ யாராண்ட கேக்கறது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் யாராவது வந்து கேட்பார்கள், மறுக்கலாம் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் வரவில்லை.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். வேனுக்கு முன்னாலேயே டெப்போவைத் திறந்துவிட்டாளாம். சாயந்திரப் பால் முறைக்குப் போய்விட்டு, கடைசியில் கேட் பூட்டுவதற்குள் வீடு திரும்பினாள். ராத்திரி எட்டு மணிக்கு நீங்கள் மூன்று பேரும் படுத்தாயிற்று. அவள் அடுப்படியில் உட்கார்ந்து, நான் அத்தனை நாளும் அடிபிடிக்க வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் போட்டிருக்க வேண்டிய கேஸ் இதுதான் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.